பச்சைப் பொத்தான்

“வாங்கக்கா. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?”

ஒரு கால் வாசற்படியிலும் ஒரு கால் கூடத்திலுமாகச் செண்பகவல்லி அப்படியே நின்றுவிட்டாள். குரல் அவள் தம்பி ஆறுமுகநயினாருடையதுதான். பேருந்துப் பணிமனையில் முப்பது வருஷம் நேரக்காப்பாளராக இருந்து, ஓட்டுநர்களையும் நடத்துனர்களையும் ஓட ஓட விரட்டிய அதே கட்டைக் குரல். ஆனால் அந்தக் குரலில் அவன் ஒருநாளும் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. சின்ன வயதில் ‘ஏ செண்பகம்’. இருவருக்கும் தலை நரைத்த பிறகு ‘ஏ கிழவி’. கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டைக்கு அவள் நடந்தே வந்திருந்தாலும் பிரயாணம் எப்படி என்று கேட்கிற ஆள் இல்லை.

“உள்ள யாரைட்டி ஒளிச்சு வச்சிருக்கே?” என்று தம்பி பெண்டாட்டியிடம் கேட்டாள்.

“யாருமில்ல மைனி. பெட்டிதான்.” உலகம்மை அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். “செருப்ப அங்ஙனயே விட்டுட்டுக் கால் கழுவிட்டு வாங்க. அவுகளுக்கு லேசுல சளி புடிச்சுக்கிடுது.”

நயினார் கட்டிலில் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டுக் கிடந்தான். பக்கவாதம் வந்து ஆறு வருஷம் தாண்டிவிட்டது. முதலில் வாய் போனது, கை கால் போனது. நாலு மாதத்துக்கு முன் விழுங்குவதும் போய், மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி போய்க்கொண்டிருந்தது. நெற்றியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. தலைமாட்டில் சோப்புப் பெட்டி அளவில் வெள்ளைப் பெட்டி. நோயாளி மனசுக்குள் சொல்ல நினைப்பதைப் பட்டை வாங்கிக்கொடுக்கும், பெட்டி அதை அவருடைய பழைய குரலிலேயே பேசும். அரசாங்கம் அதற்குத் துணைக்குரல் என்று பேர் வைத்திருந்தது. படுக்கையில் ஆள் கிடக்கிற வீடுகளில் பெட்டி என்றுதான் சொன்னார்கள்.

உலகம்மையின் கழுத்தில் தாலிக்கயிற்றோடு ஒரு கறுப்புக் கயிறும் தொங்கியது. அதன் நுனியில் இரண்டு பொத்தான்கள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. பெட்டி எதையாவது பேசி முடித்ததும் இரண்டும் மினுங்கும். உடனே அவள் பெருவிரல் பச்சைக்குப் போய் வந்துவிடும். அவள் அதைப் பார்ப்பதுகூட இல்லை.

“இப்போ சொல்லு. எதுக்கு என்னை வரச் சொன்னே?”

“திங்கக்கிழமை டாக்டரம்மா வந்தாவ. மூக்குக் குழாய இதுக்கு மேல வைக்கக் கூடாதாம், உள்ள புண்ணாயிருமாம். வயித்துல ஓட்டை போட்டு நேரா ஒரு குழாய் வைக்கணும், வைக்கவா வேண்டாமான்னு அவுககிட்டயே கேட்டாவ.”

“அவன் என்ன சொன்னான்?”

“‘போதும்’னு சொன்னாவ.”

“அவன் சொன்னானா, பெட்டி சொல்லிச்சா?”

“பெட்டி வழியாத்தான மைனி அவுக சொல்ல முடியும்.”

“எத்தனை தரம் கேட்டாவ?”

“சட்டப்படி மூணு தரம் கேக்கணுமாம். மூணு தரமும் அதேதான். எழுதிக்கிட்டுப் போயிட்டாவ. ஏழு நாளைக்குள்ள சொந்தக்காரங்க யாரும் ஆட்சேபணை சொல்லலன்னா, வாற திங்கக்கிழமை மூக்குக் குழாய எடுத்துருவாவ. புதுசு வைக்க மாட்டாவ.”

“எடுத்துட்டா?”

உலகம்மை துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். “பத்து நாளு. மிஞ்சிப்போனா பதினஞ்சு.”

“இத்தனையும் வச்சுக்கிட்டு, போன்ல ‘ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மைனி’ன்னு மட்டும் சொல்லுதே.”

“போன்ல எப்படிச் சொல்லட்டும்?”

அன்று புதன்கிழமை. செண்பகவல்லி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். புருஷன் சாகிறேன் என்று சொல்லி இரண்டு நாள் ஆகியிருக்கிறது. இவள் துண்டு மடிக்கிறாள். கண் சிவந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவனுக்கு இருக்கிற ஒரே ரத்தச் சொந்தம் தான்தான். தான் பேசாமல் இருந்துவிட்டால் கேட்பதற்கு ஒரு ஆளில்லை.

மத்தியானம் உலகம்மை பெரிய ஊசிக்குழலில் கஞ்சியை உறிஞ்சி மூக்குக் குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தபோது பெட்டி பேசியது.

“உலகு, நீ சாப்பிட்டியா? முதல்ல சாப்பிடும்மா. உன் உடம்பு முக்கியம்.”

பெருவிரல் பச்சைக்குப் போய் வந்தது.

“உலகா? இது எப்போருந்து?” என்றாள் செண்பகவல்லி.

“பெட்டி வந்ததுலருந்துதான். ரெண்டு வருசம் இருக்கும்.”

“கொழம்புல உப்புக் கூடிட்டுன்னு தட்டைத் தூக்கித் தெருவுல எறிஞ்ச பயட்டி இவன். அந்தத் தட்டைப் பொறுக்கிட்டு வந்ததே நான்தான். ‘உன் உடம்பு முக்கியமா’மில்ல!”

“படுத்தா மனுசன் மாறிப்போவான் மைனி.”

“மாறலாம். ஆனா பாசை கூடவா மாறும்? சேதி வாசிக்கிறவன் மாதிரிப் பேசுதான்.”

உலகம்மை ஊசிக்குழலை எடுத்துக் கீழே வைத்தாள். குழாயில் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசி மூடினாள். அவனை இடது பக்கமாகப் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, புட்டத்தில் பழைய புண் இருந்த இடத்தில் மருந்து தடவினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று சுவரில் அட்டவணை ஒட்டியிருந்தது. உலகம்மை அட்டவணையையோ கடிகாரத்தையோ பார்க்காமலே செய்தாள். செண்பகவல்லி அதைக் கவனிக்கவில்லை. எழுபத்தெட்டுக் கிலோ ஆளை ஐம்பது கிலோ பொம்பிளை எப்படிப் புரட்டினாள் என்பதையும் அவள் கவனிக்கவில்லை. அவள் கவனித்ததெல்லாம் அந்தப் பெருவிரலை.

மறுநாள் காலையில் காப்பி குடித்த கையோடு கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எலே நயினாரு. சின்னப்பிள்ளையில நீ என் கையைக் கடிச்சு வச்சியே, ஞாவகம் இருக்கா?”

“இருக்குக்கா. எல்லாம் நல்ல நினைவுகள்.”

“நல்ல நினைவா? நாலு தையல்லே. எந்தக் கையில கடிச்சே, சொல்லு பாப்போம்.”

பெட்டியில் சின்ன விளக்கு ஒன்று ஓடியது. “வலது கையிலக்கா. என்னை மன்னிச்சிருங்க.”

உலகம்மை வாசல் பக்கம் திரும்பி நின்று போர்வை உதறிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பச்சையை அமுக்கினாள்.

செண்பகவல்லி எழுந்து போய்த் தன் இடது கையை அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். முழங்கைக்குக் கீழே, அரை வட்டமாக, பல் பதிந்த தழும்பு.

“இது எந்தக் கை?”

“எடது.”

“அவன் எதைச் சொன்னான்?”

“வலது.”

“நீ எதை அமுக்குனே?”

“…பச்சைய.”

“தழும்பு எதுலன்னு ஒனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா பாத்துக்கிட்டுத்தான இருக்கே?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

உலகம்மை போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். செண்பகவல்லி அதைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டாள்.

“எனக்கு எல்லாம் வெளங்கிட்டு. கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க மாதிரி இதுக்குச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கே. கொஞ்சணும்னு நெனச்சே, கொஞ்சிச்சு. இப்போ இவன் போய்ச் சேந்தாத் தேவலன்னு தோணிருக்கு, அது ‘போதும்’னு சொல்லிட்டு. சட்டமும் ஏத்துக்கிட்டு. ஒன் கையில அழுக்கே ஒட்டல. என்னா?”

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. உலகம்மை அது அடங்கும்வரை நின்றாள்.

“ஆட்சேபணை சொல்லுத நம்பர் அந்தக் காலண்டர்ல எழுதியிருக்கு மைனி. டாக்டரம்மா எழுதிட்டுப் போனாவ. பத்து மணிக்கு மேல எடுப்பாவளாம்.”

செண்பகவல்லி காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். குற்றவாளி தானே நம்பரைக் காட்டுவாளா? காட்டுவாள், மாட்டிக்கொள்ள மாட்டோம் என்கிற தைரியம் இருந்தால். அவள் ஒரு நிமிஷம்கூடத் தாண்ட விடவில்லை. பத்து மணிக்குப் போன் போட்டாள்.

வெள்ளிக்கிழமை துணைக்குரல் ஆணையத்திலிருந்து பரிசோதகர் வந்தாள். நிலோபர் என்று பேர், மேலப்பாளையத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு, நேரே நயினாரிடம் போய், “ஐயா, நான் உங்க பெட்டியைப் பாக்க வந்திருக்கேன். கொஞ்ச நேரம் தொந்தரவு” என்று சொன்னாள்.

“தொந்தரவெல்லாம் இல்லம்மா. நல்லா இருங்க” என்றது பெட்டி.

“பாத்தியளா? வந்தவளுக்கெல்லாம் ஆசீர்வாதம்” என்றாள் செண்பகவல்லி.

நிலோபர் சிரிக்கவில்லை. “யாரு பாத்துக்கிறவங்க?”

“நான்தான்” என்றாள் உலகம்மை.

“மாத்தி விட வேற யாரும் வர்றதுண்டா?”

“இல்ல.”

“எவ்வளவு காலமா?”

“ஆறு வருசம் நாலு மாசம்.”

பரிசோதகரின் பார்வை செண்பகவல்லியின் பக்கம் வந்து போனது. “எனக்கு மூட்டு வலி. எம்மகளுக்கு ரெண்டு பிள்ளைய. கோவில்பட்டியிலருந்து நெனச்சா நெனச்ச நேரம் வர முடியுமா?” என்று யாரும் கேட்காத கேள்விக்குச் செண்பகவல்லி பதில் சொன்னாள்.

நிலோபர் தன் கருவியைப் பெட்டியோடு இணைத்தாள். திரையில் எண்கள் ஓடின. கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து ஓட விட்டுப் பார்த்தாள்.

“ரெண்டு வருஷத்துல பதினாலாயிரத்து இருநூத்தி ஆறு தடவை பச்சை.”

“செவப்பு?” என்றாள் செண்பகவல்லி.

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்படிப் போடு! நான் சொன்னேன்ல?”

“இருங்க பெரியம்மா. அம்மா, நீங்க இங்க உக்காருங்க.” உலகம்மை உட்காரவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பெட்டி கொடுத்த அன்னைக்குச் சொல்லியிருப்பாங்களே. அதுக்கு மனசு தெரியாது, ஊகிக்கத்தான் தெரியும். ஐயா நினைச்சது இதுதானான்னு கூட இருக்கிறவங்க சொல்லணும். தப்புன்னா சிவப்பை அமுக்கணும். அப்பத்தான் அது திருந்தும்.”

“சொன்னாவ.”

“அப்புறம் ஏன்?”

“அவுக குரல்ல வருதேம்மா.” உலகம்மை முதல் தடவையாகத் தடுமாறினாள். “நாப்பத்தோரு வருசத்துல அவுக மூஞ்சியப் பாத்து ‘நீங்க சொல்லுதது தப்பு’ன்னு நான் சொன்னதில்ல. நல்லா இருந்தப்பவே சொல்லாதவ, படுத்துக் கெடக்கவுகளப் பாத்து எப்படிச் சொல்ல?”

“அடி பாவி, பொத்தானை அமுக்கதுக்கு என்ன பயம்? அவன் எந்திரிச்சு வந்து அடிக்கவா போறான்?”

“சொல்லிக் குடுத்ததே நீங்கதான மைனி.”

“நானா?”

“கல்யாணத்துக்கு மறுநாள், அடுப்பாங்கரையில வச்சு. ‘எந்தம்பி கோவக்காரன். அவன் சொன்னா சரின்னுட்டுப் போ. எதுத்து ஒரு வார்த்தை சொல்லாத, பொழச்சுக்கிடுவே’ன்னு.”

செண்பகவல்லிக்கு அது நினைவில் இல்லை. ஆனால் சொல்லியிருப்பாள். அந்தக் காலத்தில் அவள் எல்லாப் பெண்களுக்கும் அதைத்தான் சொன்னாள்.

நிலோபர் தொண்டையைச் செருமினாள். “விஷயம் என்னன்னா, இந்தப் பெட்டி முதல் ஒரு வாரம் ஐயாவைக் கேட்டிருக்கு. அதுக்கப்புறம் தான் என்ன சொன்னாலும் சரின்னுதான் பதில் வருதுன்னு தெரிஞ்சு, அவரைக் கேக்கிறதையே விட்டுடுச்சு. ரெண்டு வருஷமா அதுவா பேசிக்கிட்டு இருக்கு.”

“அப்போ இவன்?”

“உள்ள இருக்காரு. யாரும் கேக்கல.”

மூன்று பெண்களும் கட்டிலைப் பார்த்தார்கள். நயினாரின் கண் எப்போதும்போல மின்விசிறியில் இருந்தது.

பெட்டியைத் துடைத்து, முதலிலிருந்து பழக்க வேண்டும் என்று நிலோபர் சொன்னாள். பதில் தெரிந்த கேள்வியாகக் கேட்க வேண்டும். சரியைச் சரி என்றும் தப்பைத் தப்பு என்றும் கூசாமல் அமுக்குகிற ஆள் வேண்டும்.

“எங்கிட்ட குடு அந்தக் கயித்த” என்றாள் செண்பகவல்லி.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் கட்டிலை விட்டு அசையவில்லை.

“ஒனக்கு முத வேலை எங்க?”

“கோயம்புத்தூர்.”

“தப்பு! ஒனக்குப் புடிக்காத காயி?”

“கத்தரிக்காய்.”

“தப்பு! கத்தரிக்காய்னா உசுர விடுவான். நீ பள்ளிக்கூடத்துல எத்தனாவதுல பெயிலானே?”

“படிப்பு முக்கியம்.”

“தப்பு, தப்பு, தப்பு!”

“பெரியம்மா, ஒரு தடவை அமுக்கினாப் போதும்” என்றாள் நிலோபர்.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி ஊமையாகிவிட்டது. கேள்வி கேட்டால் விளக்கு மட்டும் ஓடி ஓடி அணைந்தது. உலகம்மை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஞாயிறு காலை ஒன்பது மணி வாக்கில், செண்பகவல்லி நூற்றுச் சொச்சமாவது கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

“கெழவி.”

அவள் பச்சையை அமுக்கினாள்.

“எலே!”

“கத்தாத.”

பச்சை.

“என்ன வேணும்லே ஒனக்கு?”

விளக்கு நெடுநேரம் ஓடியது. “காப்பி.”

“ஒனக்கு முழுங்க வராதுலே. குழாயில கஞ்சிதான் போவும்.”

“குழாயில… காப்பிய ஊத்து.”

செண்பகவல்லி சிரித்தாள், சிரித்தவாறே அழுதாள். அடுக்களை வாசலில் உலகம்மை நின்றிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வரவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அவளுக்கே தெரியாமல் நடந்தது அது.

பிற்பகலில் நிலோபர் தன் காகிதத்தில் மட்டும் பதில் எழுதி வைத்திருந்த நாற்பது கேள்விகளைக் கேட்டாள். முப்பத்தேழு சரியாக வந்தது. டாக்டரம்மா திரையில் வந்து உட்கார்ந்தார். கடைசிக் கேள்விக்கு யார் கையிலும் பொத்தான் இருக்கக் கூடாது என்று நிலோபர் கறுப்புக் கயிற்றை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“ஐயா, வயித்துல குழாய் வைக்கணும். வச்சா இன்னும் பல வருஷம் இருக்கலாம். இப்படியே படுக்கையிலதான். வைக்கலேன்னா சில நாள். வைக்கவா, வேண்டாமா?”

“வை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வைக்கவா?”

“வைன்னேன்ல.”

“மூணாவது தடவை கேக்கிறேன் ஐயா.”

“ஒனக்குக் காது கேக்காதா? வை!”

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். திரை அணைந்தது. செண்பகவல்லி நெஞ்சில் கை வைத்தாள். “எங்கப்பனே! நாளைக்குக் குழாய எடுத்திருப்பாவளே. சாவ மனசில்லாத பயலை நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வச்சிருப்போமே!” அவள் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். “இப்போ சொல்லுட்டி. இவன் சொல்லல. நீ சொல்லிக் குடுத்ததும் இல்ல. அப்போ அந்தப் ‘போதும்’ யாரு சொன்னது?”



“அது எனக்குத் தெரியும்” என்றாள் நிலோபர். “சொல்லணுமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அறிக்கையில எழுதித்தான் ஆகணும்.”

“சொல்லு.”

“பெட்டி வீட்டுல பேசுறதையும் கேட்டுக்கும். அந்தந்த வீட்டுப் பேச்சுல பேசக் கத்துக்கிறதுக்கு. இந்த நல்ல வார்த்தை, ஆசீர்வாதமெல்லாம் எல்லாப் பெட்டிக்கும் பொதுவா ஏத்தி அனுப்புறது. ‘போதும்’ மட்டும் இந்த வீட்டோடது.” அவள் திரையில் எதையோ தொட்டாள்.

பாத்திரம் உருளுகிற சத்தம். தண்ணீர்க் குழாய். அப்புறம் ஒரு பெண் குரல், யாரிடமும் சொல்லாத குரல். “போதும்… போதும்ப்பா… எனக்குப் போதும்.” வேறொரு நாள். மிக்ஸி ஓடி நிற்கிறது. “போதும்.” வேறொரு நாள். மூச்சிரைப்பு, கட்டில் கம்பி கிரீச்சிடுகிறது. ஆளைப் புரட்டிப் போடுகிற சத்தம். “ம்ம்… போதும்… போதும்.”

“நிறுத்தும்மா” என்றாள் செண்பகவல்லி.

“இந்த வீட்டுல பெட்டி அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். வேற பேச்சே இல்ல. அவரும் பேசல. அம்மாவும் யார்கிட்டயும் பேசல.”

நிலோபர் கறுப்புக் கயிற்றைச் செண்பகவல்லியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு இருவரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“பெட்டி அவனில்லன்னு ஒனக்குத் தெரியுமா?” என்றாள் செண்பகவல்லி.

“முத மாசமே தெரியும்.”

“பின்ன?”

“நல்லாப் பேசுச்சு மைனி.”

செண்பகவல்லி தட்டைத் தள்ளி வைத்தாள். கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது. கேட்காமல் போனால் கோவில்பட்டியில் தூக்கம் வராது. “மறைக்காமச் சொல்லு. அவன் சாவணும்னு நெனச்சியா?”

“நெனைக்கல.” உலகம்மை விரலால் தரையில் கோடு போட்டாள். “ஆனா டாக்டரம்மா கேட்டு, பெட்டி ‘போதும்’னு சொன்ன ஒடனே, தோள்ல இருந்து ஒரு மூட்டைய எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. அடுத்த நிமிசம் பயந்துட்டேன். இது அவுக இல்லன்னு எனக்குத்தான் தெரியுமே. சொல்லணும்னா செவப்ப அமுக்கணும். வெரலு போவல. அன்னைக்கு எதுக்குப் போவல, பழக்கத்துலயா, இல்ல… அது எனக்கே தெரியல மைனி. அதனாலதான் ஒங்களுக்குப் போன் பண்ணுனேன். நீங்க சும்மா விட மாட்டீயன்னு தெரியும்.”

இந்தப் பதிலையும் சந்தேகப்பட இடமிருந்தது. செண்பகவல்லி சந்தேகப்பட்டாள். பிறகு ஆறிய சோற்றை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

“ஒனக்கு என்னட்டி வேணும்?”

யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி போலிருக்கிறது. புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“செங்கோட்டைக்கு, எந்தங்கச்சி வீட்டுக்குப் போவணும்.”

“எத்தனை நாளைக்கு?”

“போயிட்டுச் சொல்லுதேன்.”

புதன்கிழமை வயிற்றில் குழாய் வைத்தார்கள். மூன்று நாள் புண் ஆறுகிறவரை உலகம்மை இருந்தாள். குழாயை எப்படி அலச வேண்டும், டயப்பரை எப்படி மாற்ற வேண்டும், முட்டுக்கொடுத்து எப்படிப் புரட்டினால் முதுகு பிடிக்காது என்றெல்லாம் செண்பகவல்லிக்குச் செய்து காட்டினாள். இந்த மூட்டு வலியை வைத்துக்கொண்டா என்று செண்பகவல்லி முனகினாள். தெருக்கோடியில் கூப்பிட்டால் வருகிற ஒரு நர்ஸம்மாளின் நம்பரைக் காலண்டரில் எழுதி வைத்துவிட்டு உலகம்மை கட்டில் பக்கம் போய் நின்றாள்.

“போயிட்டு வாறேன்.”

“எங்க?” என்றது பெட்டி.

“செங்கோட்டைக்கு.”

“யாரைக் கேட்டு?”

அவள் வாய் திறந்தது, மூடியது. “யாரையும் கேக்கல” என்றாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

முதல் மூன்று நாள் போன் வந்தது. புண்ணில் நீர் வடிகிறதா, கஞ்சி நிற்கிறதா என்று கேட்டாள். நாலாம் நாள் அவள் தங்கை எடுத்து, “அக்கா குளிக்கப் போயிருக்கா” என்றாள். ஐந்தாம் நாளும் அக்கா குளிக்கப் போயிருந்தாள். அன்று செண்பகவல்லி பீரோவைத் திறந்து பார்த்தாள். நல்ல சேலைகளில் பாதியைக் காணவில்லை. பாதி இருந்தது. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? பீரோவைச் சாத்திவிட்டு வந்து தம்பியைப் புரட்டினாள். முதுகில் சுரீர் என்று பிடித்தது. “போது” என்று வாய் தொடங்கி, பெட்டியைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டது.

ஒன்பதாம் நாள் முற்பகல்.

“ஏ கெழவி.”

“என்னலே?”

“அவ எங்க?”

“தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. தெனம் கேக்கே, தெனம் சொல்லுதேன்.”

பெட்டியின் விளக்கு ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. அவன் கண் மின்விசிறியில்தான் இருந்தது. ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருப்பதை அவள் பார்த்தாள்.

“வருவாளா?”

கழுத்துக் கயிற்றில் இரண்டு பொத்தான்களும் மினுங்கின. நயினார் நினைத்தது இதுதானா என்று பெட்டி தெரிந்துகொள்ளக் காத்திருந்தது. அதில் மட்டும் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பச்சையை அமுக்கினாள்.

“செத்த பேசாம இரி. திருப்பிப் போடணும்” என்று எழுந்து, அவன் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள்.